தொப்பென்று விழுந்த சொற்கள்

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

இந்த உரைக்காகச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "பிரஷரைப் பற்றியோ சீனி வருத்தத்தைப் பற்றியோ பேசுங்கோவன்" என்றார். அவற்றைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் வட்சப்பில் நாளாந்தம் வந்துகொண்டுதான் இருக்கும். வருவதில் பாதி பிழை என்பதை மட்டும் சொல்லிவிட்டு, இந்தப் பாடசாலையில் நான் படித்த ஓர் ஆங்கிலப் பாடத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

1993ஆம் ஆண்டு. நாங்கள் ஆண்டு 8. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் வீட்டுப்பாடம் செய்துவிட்டு மூக்குக்குள் கரியோடு பாடசாலைக்கு வந்த காலம். ஒருநாள் ஆங்கில ரீச்சர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கீறி, ஒரு பக்கம் மெல்லிய சத்தங்களுக்கான சொற்களையும் மற்றப் பக்கம் பாரமான சத்தங்களுக்கான சொற்களையும் எழுதினார். மெல்லிய பக்கம் எனக்கு மறந்துவிட்டது. பாரமான பக்கத்தில் தட், தம்ப், பூம், பாங், கிறாஷ், றம்பிள் என்று இருந்தன.

முதற் சொல்லிலேயே சிக்கல். "தட் என்றால் என்ன சத்தம்?" என்று ரீச்சர் கேட்க, கதவில் விரலால் தட்டுகிற சத்தம் என்று முழு வகுப்பும் சொன்னது. தமிழ்க் காதுக்கு 'தட்' அப்படித்தானே கேட்கும்? ரீச்சர் "இல்லைப் பிள்ளையள்" என்று சொல்லி, மேசையில் இருந்த மொத்த அகராதியைத் தூக்கி நிலத்தில் போட்டார். "இதுதான் தட்." பின்வாங்கிலிருந்து ஒருத்தி, "அது தொப் ரீச்சர், பனம்பழம் விழுகிற மாதிரி" என்றாள். ரீச்சருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. பலகையில் 'தட்'டுக்குப் பக்கத்தில் தமிழில் 'தொப்' என்று எழுதினார்.

'பூம்' என்ற சொல்லுக்கு ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

அந்த வயதில் எங்கள் எல்லோருக்கும் சத்தங்களைப் பிரித்தறியத் தெரிந்திருந்தது. பலாலிப் பக்கமிருந்து ஷெல் புறப்படும்போது வருவது ஒரு மந்தமான 'டுப்'. அது கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். சகடை வந்தால் அதன் இரைச்சல் வேறு, பொம்மர் வந்தால் வேறு. தூரத்தில் விழுந்தால் 'கும்' என்று நிலத்துக்குள்ளால் வரும். கிட்ட விழுந்தால் ஓசை உடைந்து தெறிக்கும். கூர்மையான ஓசையைக் காற்று சீக்கிரம் உறிஞ்சிவிடும், கனத்த ஓசைதான் நெடுந்தூரம் வரும் என்ற பௌதிகத்தைப் பிறகுதான் படித்தோம். ஆனால் மந்தமான சத்தம் என்றால் அது எங்களுக்கில்லை, வேறு யாருக்கோ என்பது அப்போதே தெரியும். அதைக் கேட்டு ஆறுதற்பட்டதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பதின்மூன்று வயதில் வெட்கப்படவில்லை.

அன்றைய வீட்டுப்பாடம், பலகையில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் எழுதிவருவது. அடுத்த நாள் எல்லோருடைய சொற்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ரீச்சர் ஒன்றைக் காட்டினார். பூம், கும், தொம் ஆகியவை மகர ஒற்றில் முடிகின்றன. வாயை மூடிய பின்னும் ஓசை மூக்கால் நீண்டு போகிறது. தட், தொப், பொத் ஆகியவை வல்லோசையில் முடிகின்றன. ஓசை அந்த இடத்திலேயே செத்துவிடுகிறது. அதிர்ந்து நிற்கிற சத்தத்துக்கு ஒரு முடிவு, அதிராமல் அடங்குகிற சத்தத்துக்கு இன்னொரு முடிவு. இரண்டு மொழியும் ஒன்றையொன்று கேட்காமலே அப்படிச் செய்திருக்கின்றன.

வித்தியாசமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் சத்தமே வினைச்சொல்லாகிவிடும். தமிழில் 'என்று' வேண்டும். 'தொப்பென்று விழுந்தது' என்கிறோம். ஓர் ஆள் சொன்னதை எப்படி எடுத்துச் சொல்வோமோ, அதே மாதிரிப் பனம்பழம் சொன்னதையும் எடுத்துச் சொல்கிறோம். இது ரீச்சர் சொன்னதல்ல, பல வருடங்களுக்குப் பிறகு வாட்டில் நின்று நானாக யோசித்தது.

வைத்திய பீடத்தில் மூன்றாம் வருடத்தில் நோயாளியின் முதுகில் விரலை வைத்து, மற்றக் கை விரலால் அதன்மேல் தட்டக் கற்றுத் தந்தார்கள். காற்று நிறைந்த நுரையீரல் 'டும்' என்று அதிரும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் 'தொப்'. ஆங்கிலத்தில் அதற்கு 'டல்' என்று பெயர். நீர் அதிகம் என்றால் 'ஸ்ரோனி டல்', கல்லில் தட்டியது போல. எங்கள் குழுவில் சிலர் அந்த வித்தியாசம் பிடிபடாமல் கஷ்டப்பட்டார்கள். எனக்குக் கரும்பலகை கண்முன்னே நின்றது. மகர ஒற்றா வல்லோசையா, அவ்வளவுதான்.

இந்த முறையைக் கண்டுபிடித்து 1761இல் வியன்னாவில் லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதியவர் லியோபோல்ட் அவன்புறுக்கர். கிராஸ் நகரத்தில் ஒரு விடுதிக்காரரின் மகன். தகப்பன் பீப்பாய்களைத் தட்டி மது எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதைக் கண்டு பழகியவர் என்று சொல்வார்கள். நாங்கள் பலாப்பழமும் மண்பானையும் தட்டிப் பார்த்து வாங்குவதும் அதே வித்தைதான். இசை தெரிந்த மனிதர். பிற்காலத்தில் சலியேரியின் இசை நாடகம் ஒன்றுக்குப் பாடலும் வசனமும் எழுதியவர். சுகமான நெஞ்சின் ஓசையைத் துணி போர்த்த மேளத்தின் ஓசைக்கும், நோயுள்ள இடத்தின் ஓசையைத் தொடையில் தட்டும் ஓசைக்கும் ஒப்பிட்டார். பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் வைத்தியர் கோர்விசார் 1808இல் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் ஐரோப்பா தட்டத் தொடங்கியது. அடுத்த வருடம் அவன்புறுக்கர் காலமானார்.

'டல்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் முதற் பொருள் மந்தபுத்தி என்பது. கூரில்லாத கத்திக்கும் ஒளி மங்கிய நிறத்துக்கும் அடங்கிய ஓசைக்கும் அது பிறகுதான் போனது. எனது கணக்கு ரீச்சர் அந்தச் சொல்லை அதன் மூலப்பொருளிலேயே பயன்படுத்தினார் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்தது. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

இங்கிலாந்தில் நான் வேலை தொடங்கிய காலத்தில், எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் தலையிடியோடு வாட்டுக்கு வந்தார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. பழைய குறிப்புகளைப் பார்த்தேன். பல மாதங்களாகக் காதில் சத்தம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளர் அதை 'றிங்கிங்' என்று சொல்ல, அப்படியே பதிவாகியிருந்தது. அதாவது மணி ஒலிப்பது போன்ற இரைச்சல். அந்த வயதில் பலருக்கு வருவது, பெரும்பாலும் செவிப்புலன் குறைவதால். பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு அந்தப் பதில் சரிதான்.

நான் கட்டிலில் பக்கத்தில் இருந்து, "அம்மா, காதுக்குள்ள என்ன மாதிரிக் கேக்குது?" என்று கேட்டேன்.

"தொம்... தொம்... எண்டு கேக்குது பிள்ளை. இடது காதுக்குள்ள. இரவில படுத்தால் ஆரோ உரல்ல இடிக்கிற மாதிரி."

உரலில் இடிப்பது எப்படி மணியொலி ஆகும்? "எனக்கு விரலால தட்டிக் காட்டுங்கோ" என்றேன். அவர் ஒரு கையால் கட்டில் விளிம்பில் தட்டினார். மற்றக் கையின் நாடியை நான் பிடித்திருந்தேன். ஒவ்வொரு தட்டும் நாடித் துடிப்போடு அப்படியே பொருந்தியது. இடது காதுக்குப் பின்னால் ஸ்ரெதஸ்கோப்பை வைத்தேன். அவருக்கு மட்டும் கேட்ட சத்தம் எனக்கும் கேட்டது. எனக்கு அது உரல் இல்லை, 'உஷ்... உஷ்...' என்று குழாயில் தண்ணீர் பாய்வதுபோல இருந்தது. துடிப்பு மட்டும் ஒன்றே.

படம் எடுத்தார்கள். மூளையை மூடியிருக்கும் உறையில் ஒரு நாடி, இடையில் மெல்லிய குழாய்கள் எதுவுமில்லாமல், நேரே ஒரு நாளத்துக்குள் திறந்து பாய்ந்துகொண்டிருந்தது. இதில் சில வகை தீங்கு செய்யாது. சில வகை ஒருநாள் மூளைக்குள் இரத்தம் கசிய விடும். அவருக்கு இருந்தது இரண்டாவது வகை. தொடையிடுக்கால் மெல்லிய குழாயை மேலே செலுத்தி அந்த இடத்தை அடைத்தார்கள்.

மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். 'தொம்' என்பதற்கு 'தம்ப்' என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அவசரத்தில் அது வாயில் வர வேண்டுமென்றால், எப்போதோ யாரோ ஒருவர் அகராதியை நிலத்தில் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். 'என்று' போட்டு அந்த அம்மா எடுத்துச் சொன்னதை, அந்த 'என்று'வோடு சேர்த்துக் கேட்க வேண்டும். அன்றிலிருந்து சத்தம் என்று யார் வந்தாலும், எந்த மொழிக்காரரானாலும், முதலில் தட்டிக் காட்டச் சொல்கிறேன். போலந்துக்காரர், சோமாலியர் எல்லோரும் தட்டியிருக்கிறார்கள். ஒருவர் மேசையில் முழு மேளக் கச்சேரியே வைத்தார். அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை.

சிகிச்சைக்கு அடுத்த நாட் காலை அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"ஒரு சத்தமும் இல்லைப் பிள்ளை" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரி முழுக்க நித்திரையும் வரேல்லை. இவ்வளவு அமைதியாக் கிடந்து பழக்கமில்லை" என்றார்.