மன அமைதிக்கு உண்ணும் பொடி

(திருக்கோகர்ணத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வானம் பார்த்த பூமியில் பயிர் செய்வோருக்குக் கவலை புதிதன்று. 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னைகளை ஒரே இரவில் சாய்த்ததை நாம் கண்டோம். மறுபடி நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். கடன் அதுவரை காத்திராது. இவ்வாறு நாள்பட்ட கவலையால் உறக்கம் இழந்தோர் பலர், நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராப் பொடி வாங்கிப் பாலில் கலந்து அருந்துகின்றனர்.

அமுக்கரா நல்ல மூலிகையே. ஆனால் அண்டை வீட்டாருக்கு அமைதி தந்த அதே அளவு, நமக்கு வயிற்றுப்போக்கைத் தரலாம். மறுநாள் டிராக்டர் ஓட்டும்போது கண்ணயரச் செய்யலாம். அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலையும் கண்டிருக்கிறது. கர்ப்பிணிகள் இதனைத் தவிர்க்க வேண்டும். டென்மார்க் நாடு 2023-இல் இதன் விற்பனையையே தடை செய்தது. நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. வைத்தியர் ஆளறிந்து, அளவறிந்து கொடுத்து வந்த பொருள் அது. ஆளும் அளவும் அறியாது உண்பதே தவறு.

சர்ப்பகந்தியின் வரலாறு இதற்குச் சான்று. அது இரத்தக் கொதிப்பையும் சித்தக் கலக்கத்தையும் தணிப்பதை 1931-இல் கல்கத்தா மருத்துவர்கள் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதி வெளியிட்டனர். அதன் சத்தாகிய ரெசர்பின் 1950-களில் உலகெங்கும் மாத்திரையாகப் பரவியது. அப்போது, அதனை உண்டவர்களுள் சிலர் அமைதி பெறுவதற்கு மாறாக ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தனர். அமைதிக்கென உண்டதே சிலருக்குத் துயரமாயிற்று!

நம் கிராமங்களில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. அவற்றோடு அமுக்கராவும் சேரின் சர்க்கரையோ அழுத்தமோ அளவுக்கு மீறித் தாழக்கூடும். அமுக்கராச் சூரணத்தில் சர்க்கரை சேர்ப்பது வழக்கம் என்பதையும் நீரிழிவுடையோர் மறத்தலாகாது. தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை உண்போரும் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடுதல் கூடாது. மாத்திரை கொண்டுவரும் பெண் பணியாளரிடம் பொடிப் பொட்டலத்தையும் காட்டுங்கள். 'நாட்டு மருந்துதானே' என்று மறைப்பதில்தான் தீங்கு நேர்கிறது.

புதிதாகத் தொடங்குவோர் ஒரே காலத்தில் இரண்டு மூன்று பொடிகளைக் கலக்க வேண்டா. தீங்கு செய்தது எதுவென்று பின்னர் அறிய இயலாது. கண் மஞ்சளித்தாலோ, சோர்வு மிகுந்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். வாழ்வே வெறுக்கும் நிலை எய்தியவருக்குப் பொடி போதாது. அத்தகையவரைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தனியே விடாமல், 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் மனநல ஆலோசகரோடு அன்றைக்கே பேசச் செய்ய வேண்டும்.