வயிறு கழுவும் மருந்து: குடிக்கும் முன் தெரிந்துகொள்வோம்

(மதரஸா மண்டபத்தில் நமது மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இன்று பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். கூச்சப்பட்டு நாம் பேசாமல் விட்டதால்தான் சென்ற மாதம் நம் மஹல்லாவில் வயதான உம்மா ஒருவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க நேர்ந்தது. அதில் எங்கள் பங்கும் உண்டு. அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

மலத்தில் இரத்தம் போகிறது என்று அவர்களுக்குக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் குடிக்க வேண்டிய மருந்தை நம் டிரஸ்ட் மூலம் வாங்கிக் கொடுத்தோம். கூடவே ஆங்கிலத்தில் ஒரு சீட்டு. வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை, நாங்களும் விளக்கவில்லை. "நிறையத் தண்ணீர் குடிக்கணும்" என்பது மட்டும் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. வயிறு போகப் போக, செம்பு செம்பாக வெறும் தண்ணீரையே குடித்திருக்கிறார்கள். பிரஷருக்கான நீர் மாத்திரையும் வழக்கம்போலப் போட்டிருக்கிறார்கள். நடு இரவில் மகளைப் பார்த்து "நீ யாரு புள்ள?" என்று கேட்டபோதுதான் வீடு பதறியது. இரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, இறங்கிப் போயிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறார்கள்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியை இரண்டு லிட்டர் போலத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது ஒரு வகை. அது உடம்பில் சேராமல் குடலைக் கழுவிக்கொண்டு வெளியேறிவிடும். உப்புகளும் அளவாகச் சேர்த்திருப்பார்கள். குமட்டல், வயிறு உப்புசம், லேசான வலி, குளிர் நடுக்கம் வரலாம். சிறிய அளவில் குடிக்கிற பிகோசல்பேட், மெக்னீசியம் கலந்த மருந்து உடம்பிலிருந்தே நீரை இழுக்கும். கிட்னி பழுதானவர்களுக்கு அந்த மெக்னீசியம் உள்ளே தங்கிவிடும்.

மிகவும் கவனிக்க வேண்டியது சோடியம் பாஸ்பேட். சிலருக்கு அது கிட்னியில் படிகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடுத்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008 டிசம்பரில் இதற்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. 55 வயது தாண்டியவர்கள், கிட்னி கோளாறு உள்ளவர்கள், நீர் மாத்திரையோ சிலவகை பிரஷர் மாத்திரையோ மூட்டுவலி மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த பாட்டிலை "இதுவும் அதேதானே" என்று வாங்கிக் குடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

பொடி மருந்தைக் குளிரவைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் என்று நிமிர்ந்து உட்கார்ந்து குடியுங்கள். படுத்த நிலையில் வயதானவர்களுக்குப் புகட்டினால், வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. குமட்டினால் அரைமணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடரலாம். டாக்டர் பாதியை இரவிலும் பாதியை அதிகாலையிலும் குடிக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். அதில் குடலும் நன்றாகச் சுத்தமாகும், உடம்புக்கும் சிரமம் குறைவு. வெறும் தண்ணீரோடு நிற்காமல், உப்பும் சீனியும் போட்டு வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, ஓ.ஆர்.எஸ்., தெளிந்த சூப் என்று மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். சிவப்பு நிற சர்பத் கூடாது. உள்ளே பார்க்கிறவர்களுக்கு இரத்தம் போலத் தெரியும். நோன்புக் கஞ்சி குடிக்கலாமா என்று ஒரு காக்கா எங்களிடம் கேட்டார். அதைவிடக் குடலில் ஒட்டுகிற சாமான் வேறில்லை, காக்கா!

அடிக்கடி கழுவுவதால் ஆசனவாயில் எரிச்சல் எடுக்கும். முன்கூட்டியே வாசலின் தடவிக்கொண்டால் தாங்கும். இரவு முழுக்கக் கழிப்பறை விளக்கு எரியட்டும், வயதானவர்களுடன் ஒருவர் விழித்திருக்கட்டும். தலைசுற்றி வழுக்கி விழுவதும் இந்த இரவில்தான்.

சுகர்காரர்கள் வெறும் வயிற்றோடு வழக்கமான மாத்திரையையும் இன்சுலினையும் எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையை மருந்து குடிக்கும் நேரத்தோடு சேர்த்துப் போட்டால் அது உடம்பில் சேராமலே வெளியேறிவிடலாம். எந்த நேரத்தில் போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சு குழறுதல், வலிப்பு, மயக்கம், நிற்காத வாந்தி, முகம் வீங்குதல் இருந்தாலோ, மருந்து குடித்தும் போகாமல் வயிறு கல்லாகி வலித்தாலோ, மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பரிசோதனை நேரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ரமலானில் தேதி விழுந்தால்? அவசரமில்லை என்று டாக்டர் சொன்னால் பெருநாளுக்குப் பிறகு மாற்றிக் கேட்கலாம். இரத்தம் போகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு களா செய்ய மார்க்கத்தில் இடமுண்டு. விவரத்தை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி டிரஸ்டிலிருந்து இந்த மருந்து வாங்குகிறவர்கள், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். தமிழில் எழுதிய சீட்டு தருவோம். பெண்களுக்கு விளக்க எங்கள் குழுவின் சகோதரி ஒருவர் இருப்பார். மருந்து குடிக்கும் இரவு பத்து மணிக்கு நாங்களே போன் செய்வோம். எடுத்துப் பேசுங்கள்.

வஸ்ஸலாம்.