குடலழற்சியும் உறங்கும் கிருமிகளும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யாம் மருத்துவம் பேசப் புகுந்தது ஏன் என நீவிர் ஐயுறலாம். எம் தமக்கை மகன் பட்ட துயரே எம்மை இம்மேடைக்கு ஈர்த்தது.

குடலில் நெடுநாள் நிலைத்து வருத்தும் அழற்சி நோய் இரு வகைப்படும். ஒன்று பெருங்குடற் புண்ணழற்சி. மற்றொன்று, 1932-இல் நியூயார்க் நகர மருத்துவர் கிரோனும் அவர்தம் துணைவர் இருவரும் விளக்கியுரைத்த கிரோன் நோய். இரண்டிலும், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நெறி பிறழ்ந்து குடலைத் தாக்குகின்றது. வேலியே பயிரை மேய்ந்தால் வேலியை அடக்கத்தானே வேண்டும்? ஸ்டீராய்டு, அசாதையோப்ரின், இன்ஃபிலிக்ஸிமாப் முதலிய மருந்துகள் அதனையே செய்கின்றன. ஆயின், வேலி தாழ்ந்தவிடத்து வைரஸ்கள் எளிதிற் புகும். முன்னரே புகுந்து உறங்குவனவும் விழித்தெழும்.

சின்னம்மைக் கிருமி நரம்பு வேர்களில் உறங்கிப் பின்னாளில் அக்கியாக வெளிப்படும். ஹெபடைடிஸ் பி கிருமி ஈரலிற் பதுங்கியிருந்து கிளர்ந்தால் உயிர்க்கே இடராகும். சைட்டோமெகலோ வைரஸோ புண்பட்ட பெருங்குடலிலேயே பெருகும்.

எம் மருகனுக்கு நேர்ந்தது இதுவே. குருதிப்போக்கு மிகவே, பழைய நோயே முற்றியதென்றெண்ணி ஸ்டீராய்டு மாத்திரையைத் தானே கூட்டிக்கொண்டான். வெளியே சொல்ல நாணி இரு திங்கள் மறைத்தான். குடலின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்த பின்னரே கிருமி புலனாயிற்று. கன்சிக்ளோவிர் மருந்தாற் பிழைத்தான். "எங்களிடம் சொல்ல என்னடா வெட்கம்?" என்று அவன் அன்னை அழுதது இன்றும் எம் செவியில் உள்ளது.

ஆதலின் அன்பர்களே, எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும் மருந்து தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி-க்குரிய இரத்தச் சோதனை செய்விமின். சின்னம்மை, தட்டம்மை ஆகியவற்றிற்குரிய உயிர்த் தடுப்பூசிகள் வேண்டுமாயின், மருந்துக்கு நான்கு வாரமேனும் முன்னர்ப் போடுதல் நன்று. அம்மருந்துகளை உண்ணுங்காலத்து அவை பொதுவாக ஆகா. இன்ஃபுளுவென்சாவுக்கு ஆண்டுதோறும் போடும் உயிரற்ற ஊசிக்குத் தடையில்லை. காய்ச்சல் கண்டால் மருந்தைத் தாமே நிறுத்தலும் கூட்டலும் தவறு. மருத்துவரை அன்றே வினவுக.

மணப்பேச்சுக்குத் தடையாகுமென்று அஞ்சி நோயை மறைக்கும் வீடுகள் நம்மிடையே உள. குடியின் மானம் மறைப்பதில் இல்லை; பிள்ளைகளின் உயிரைக் காப்பதிலேயே உள்ளது.