கற்றதும் காட்டியதும்

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்க நடக்கும் நமக்கு, இக்கொச்சியிலே உருவான பெருநூல் ஒன்று நினைவுக்கு வருதல் இயல்பே. ஒல்லாந்த ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய வைத்தியர்களின் துணைகொண்டு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்', 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அந்நூலில் படத்துடன் இடம்பெற்ற செடிகளுள் சர்ப்பகந்தி ஒன்று, பூனைக்காலி மற்றொன்று. மூளையைப் பற்றிய நம் அறிவு வளர்ந்ததில் இவ்விரண்டிற்கும் பங்குண்டு.

சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் ரெசர்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அம்மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்குச் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல்சன் 'எல்-டோபா' என்னும் பொருளை ஊசி வழியே செலுத்தினார். அவை எழுந்து நடமாடின. இது நிகழ்ந்தது 1957-இல். எல்-டோபா மூளையில் டோபமைனாக மாறுகிறது. அந்த டோபமைன் குன்றியதே அசைவின்மைக்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்த எல்-டோபாவையே பூனைக்காலி விதையிலிருந்து 1937-ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரனும் ராமசுவாமியும் பிரித்தெடுத்திருந்தனர்.

நிற்க. டோபமைன் இன்றேல் கல்வியும் இல்லையோ? மரபணு மாற்றத்தால் மூளையில் டோபமைனை ஆக்க இயலாத சுண்டெலிகளை, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால்மிட்டர் குழுவினர் 1995-இல் உருவாக்கினர். நாள்தோறும் எல்-டோபா அளிக்காவிடின், உணவு அருகே இருந்தும் அவை உண்ணாது மடியும். இத்தகைய சுண்டெலிகளுக்குக் காப்பியில் உள்ள காபின் என்னும் பொருளைக் கொடுத்து நடமாடச் செய்து, இரு கிளையாகப் பிரியும் பாதையில் விட்டனர். உணவு எப்பக்கம் என்பதை அவை கற்றதாகவே தோன்றவில்லை. பின்னர் எல்-டோபா அளித்ததும், உணவுள்ள பக்கத்தையே நாடிச் சென்றன! 2005-இல் வெளியான ஆய்வு இது. அவை முன்னரே கற்றிருந்தன; நாடிச் செல்லும் ஊக்கமே இல்லாதிருந்தது.

இதனால் கல்வியில் குறையே நேராது என்று கொள்ளலாகாது. டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் பெரிதும் அழிந்த வேறொரு வகைச் சுண்டெலிகள், சுழலும் உருளைமீது விழாது நடக்கப் பழகுவதில் பின்தங்கின என 2008-இல் கண்டனர். உடல் பழகும் கல்வி வேறு. இடமறியும் கல்வி வேறு.

நம் இல்லங்களில் பார்க்கின்சன் நோயுற்ற முதியவர்களுக்கும் இவ்வுயிரணுக்களே அழிகின்றன. அவர்கள் முகம் அசைவதில்லை. விடை தாமதித்தே வருகிறது. உடனே, "பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்று அவர் காதுபடவே பேசிவிடுகிறோம். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், விளங்கியும் இருக்கலாம். காட்டாதவை எல்லாம் கல்லாதவை அல்ல. ஆகவே வினாவை ஒருமுறை கேட்டபின், விடைக்காகச் சற்றுப் பொறுத்திருப்போமாக.