குரூப் ஓனர் நீங்கதான், ஆனா ஆளை எடுக்க முடியலையா?

எக்ஸ்சேஞ்ச் பார்க்கிற அட்மின் யாரா இருந்தாலும் இந்த டிக்கெட்டைப் பார்த்திருப்பீங்க. கணக்குப் பிரிவு மேலாளர் எழுதியிருப்பார்: "குரூப்புக்கு ஓனர் நான்தான். வேற பிரிவுக்கு மாறிப் போனவரை லிஸ்டிலிருந்து எடுக்கப் போனா, அனுமதி இல்லைன்னு அவுட்லுக் சொல்லுது." இதை அவசரமில்லாத டிக்கெட்னு ஓரமா வைக்காதீங்க. அந்தக் குரூப்புக்குச் சம்பள விவரம் போகுதுன்னா, நீங்க சரி பண்ற வரைக்கும் மாறிப் போனவருக்கும் அது போய்க்கிட்டேதான் இருக்கும்.

பெரும்பாலானவங்க ஓனர் பேரை எடுத்துட்டு மறுபடி போட்டுப் பார்ப்பாங்க. அது பலன் தராது. முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் குரூப் எங்கே இருக்கு? நம்ம ஆபீஸ் ஆக்டிவ் டைரக்டரியிலா, எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனிலா? பவர்ஷெல்லில் 'கெட்-டிஸ்ட்ரிபியூஷன்குரூப்' கட்டளை கொடுத்து, 'இஸ்-டிர்-சிங்க்டு' என்ற இடத்தில் என்ன வருதுன்னு பாருங்க. 'ட்ரூ' என்று வந்தால் கதை பாதி முடிஞ்சது.

ஏன்னா, நிறைய நிறுவனங்களில் மெயில்பாக்ஸ்களை மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாத்திட்டு, குரூப்களைப் பழைய இடத்திலேயே விட்டிருப்பாங்க. உறுப்பினர் பட்டியல் ஆபீஸிலிருந்து கிளவுடுக்குப் போகும். அங்கிருந்து திரும்பி வராது. கிளவுடில் மெயில்பாக்ஸ் வெச்சிருக்கிற ஓனர் அவுட்லுக்கில் திறக்கிறது அந்த நகலைத்தான். நகலில் எழுத யாரையும் விடாது, ஓனரா இருந்தாலும் சரி.

இதுக்கு வழி ரெண்டு. அடிக்கடி ஆள் மாறுகிற குரூப்னா, கிளவுடிலேயே புதுசா உருவாக்கிடுங்க. அப்படிச் செய்யும்போது பழைய குரூப்பின் லெகஸி எக்ஸ்சேஞ்ச் டிஎன் மதிப்பை எடுத்து, புதுக் குரூப்பில் எக்ஸ்500 முகவரியா சேர்க்கணும். இல்லைன்னா, பழைய மெயிலுக்குப் பதில் போடுறவங்களுக்கெல்லாம் அது பவுன்ஸ் ஆகித் திரும்பி வரும். இந்தப் படியைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. குரூப் அங்கேயே இருக்கட்டும்னா, ஆக்டிவ் டைரக்டரியில் 'மேனேஜ்ட் பை' பகுதியில் பேருக்குக் கீழே ஒரு டிக் பெட்டி இருக்கு: மேலாளர் உறுப்பினர் பட்டியலை மாத்தலாம்னு. பேரை மட்டும் போட்டா அது வெறும் தகவல். டிக் போட்டாத்தான் எழுதும் உரிமை வரும். பிறகு ஆபீஸ் நெட்வொர்க்கில் இருக்கிற கம்ப்யூட்டரில் டிஎஸ்-குவெரி ஜன்னலுக்கு ஒரு ஷார்ட்கட் வெச்சுக் கொடுத்தா, அவரே ஆளைச் சேர்ப்பார், எடுப்பார். சிங்க் இயல்பா 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடும், அதையும் அவர்கிட்ட சொல்லி வைங்க. இல்லைன்னா பத்தாவது நிமிஷத்தில் போன் வரும்!

குரூப்பும் மெயில்பாக்ஸும் ஒரே இடத்தில் இருந்தும் மறுக்குதுன்னா, ரோல் பக்கம் பாருங்க. எக்ஸ்சேஞ்ச் 2007 வரைக்கும் அந்த டிக் ஒன்றே போதும். 2010-ல் ரோல் அடிப்படையிலான அனுமதி முறை வந்தது. ஓனரா இருக்கிறதோடு, அவருடைய ரோல் அசைன்மென்ட் பாலிசியில் 'மை டிஸ்ட்ரிபியூஷன் குரூப்ஸ்' ரோலும் இருக்கணும். 2010-ல் அது ஆரம்பத்திலேயே அணைச்சு வைக்கப்பட்டிருந்ததால, அப்கிரேடுக்கு மறுநாளே பழைய ஓனர்கள் எல்லாரும் வெளியே நின்னாங்க.

ஆனா அந்த ரோலை அப்படியே ஆன் பண்ணினா, பாலிசியில் இருக்கிற எல்லாரும் புதுக் குரூப் உருவாக்கலாம், தங்களுடையதை அழிக்கவும் செய்யலாம். ஆறு மாசத்தில் முகவரிப் புத்தகம் சந்தைக்கடை ஆயிடும். அதனால அந்த ரோலிலிருந்து ஒரு கிளை ரோல் உருவாக்கி, அதில் உருவாக்கும் கட்டளையையும் அழிக்கும் கட்டளையையும் நீக்கிட்டு, அதையே பாலிசியில் கொடுங்க.

அட்மினான உங்களுக்கே 'குரூப்பின் மேலாளர்தான் இதைச் செய்யலாம்'னு பிழை வருதா? கட்டளையோடு 'பைபாஸ்-செக்யூரிட்டி-குரூப்-மேனேஜர்-செக்' சேர்த்தாப் போதும். உங்களை ஓனரா சேர்த்துக்க வேண்டாம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். நேரமில்லைன்னு அந்த மேலாளருக்கு 'ரெசிபியன்ட் மேனேஜ்மென்ட்' ரோலைக் கொடுத்து டிக்கெட்டை மூடிடாதீங்க. அவருக்குத் தேவை ஒரு குரூப். நீங்க கொடுக்கிறது நிறுவனத்தின் எல்லா மெயில்பாக்ஸ் அமைப்புகளிலும் கை வைக்கிற உரிமை.