வெள்ளைத் தொப்பிப் பிள்ளைகள்

ஜப்பானில் தொடக்கப் பள்ளிகளின் மதியச் சாப்பாட்டு வேளை கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். ஆறேழு வயதுப் பிள்ளைகள் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு சோறும் சூப்பும் தூக்கி வந்து வகுப்புக்கே பரிமாறுவார்கள். முறை வைத்துத்தான். இன்று பரிமாறும் பிள்ளைக்கு இன்னொரு நாள் மற்றவர்கள் பரிமாறுவார்கள். ஆசிரியருக்கும் அதே சாப்பாடு, அதே வகுப்பறை. பிறகு ஆளுக்கொரு துணி, துடைப்பம் எடுத்து வகுப்பறையைச் சுத்தம் செய்வார்கள்.

1954-ல் வந்த பள்ளி உணவுச் சட்டமே, வயிற்றை நிரப்புவதோடு கலந்து பழகும் குணத்தை வளர்ப்பதையும் ஒரு நோக்கமாகச் சொன்னது. 2014 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் தங்கள் அணி தோற்ற பிறகும் ஜப்பானிய ரசிகர்கள் மைதானத்துக் குப்பையைப் பொறுக்கினார்களே, அந்தப் பழக்கத்துக்கு விதை இந்த வகுப்பறையில்தான் விழுகிறது.

எல்லாம் சரியென்று சொல்ல மாட்டேன். கூட்டத்தோடு ஒத்துப்போகாத பிள்ளைக்கு அந்த வகுப்பறை சிரமம்தான். இன்னொன்று: துடைப்பம் பிடிப்பதில் அங்கே ஆண், பெண் பேதமில்லை. 1990-களில் மேல்வகுப்புகளில் மனையியல் பாடமும் பையன்களுக்குக் கட்டாயமானது. ஆனால் வளர்ந்து குடும்பம் நடத்தும்போது, வீட்டு வேலையில் பெரும்பங்கு இன்றும் அங்கே பெண்கள் தலையில்தான்.