குழந்தையின் கைப்பலகையில் எவர் மொழி?

[பெற்றோரும் பள்ளி ஆசிரியரும் கூடிய தமிழ்ப் பயிற்றரங்கில் ஆற்றிய உரை]



அண்மையில் உறவினர் ஒருவர் இல்லம் சென்றிருந்தேன். நான்கு அகவைப் பெண் குழந்தையொன்று பலகைக் கணினியை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தது. திரையில் யானை வந்தது. குழந்தை தொட்டது. கருவி ஆங்கிலத்தில் அதன் பெயரைக் கூவிற்று. குழந்தையும் அவ்வாறே கூவிற்று. "இது யானை அன்றோ, கண்ணே?" என்றேன். "இதிலே அப்படி இல்லை, தாத்தா" என்றது குழந்தை. அவ்விடை என் நெஞ்சைத் தைத்தது. தாய்மொழி அடுக்களைக்கு, அயன்மொழி அறிவுக்கு என்னும் பாடத்தை, எழுத்தறியும் முன்பே அது கற்றுவிட்டது!

குழந்தை மேல் பழியில்லை. கருவிக்குள் ஓடும் மென்பொருள், அதை எழுதுவித்தவன் விரும்பிய மொழியைப் பேசுகிறது. அதனைத் திறந்து திருத்த நமக்கு உரிமையில்லை. விற்றவனிடம் கைகட்டி நின்று கேட்கலாம். ஊதியம் இராதெனின் அவன் மறுத்துவிடுவான்.

ஆனால், தோழர்களே, பூட்டப்படாத மென்பொருளும் உலகில் உண்டு. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இரிச்சர்டு சுடால்மன் 'கனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. அவ்வியக்கம் வலியுறுத்தும் உரிமைகள் நான்கு: எந்நோக்கத்திற்கும் இயக்கலாம், உள்ளிருக்கும் நிரலைக் கற்று மாற்றலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், மாற்றியதையும் வழங்கலாம். இந்நான்கும் இருக்குமாயின், தமிழாக்க எவர் வாயிலிலும் நிற்க வேண்டுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். 2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் புரூனோ கூதுவான், 'சிகொம்ப்ரி' என்னும் குழந்தைக் கல்வி மென்பொருளைத் தொடங்கினார். 'எனக்குப் புரிந்தது' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவிய பெயர் அது. 2 முதல் 10 அகவை வரையிலான குழந்தைகளுக்கு எண்ணும் எழுத்தும், நிறமும் வடிவமும், உலகப் படமும் சதுரங்கமும் விளையாட்டாகவே கற்பிப்பது. நிறுவிய பின்னர் இணையத் தொடர்பின்றியே இயங்குவது.

அது மேசைக் கணினிக்கென எழுதப்பட்டது. தொடுதிரைப் பலகைகள் பெருகியபோது, பழைய நிரல் அவற்றில் இயங்காதாயிற்று. அதைச் செய்தோர் சோர்ந்துவிடவில்லை. 2014-இல் 'கேடிஇ' என்னும் கட்டற்ற மென்பொருட் குழுவினரோடு சேர்ந்து, 'கியூட்டி' என்னும் கருவித் தொகுப்பைக் கொண்டு அதனை மீண்டும் அடியிலிருந்தே எழுதத் தொடங்கினர். நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றி அமைத்தனர். இன்று அஃது இலினக்சிலும் விண்டோசிலும் ஆண்டிராய்டுப் பலகையிலும் ஓடுகின்றது. 2002-இல் தோன்றிய 'தக்சு பெயிண்டு' என்னும் குழந்தைகள் ஓவிய மென்பொருளும் அவ்வாறே மேசையினின்று பலகைக்கு வந்தது.

இனி நம் கடமைக்கு வருகிறேன். சொற்களைப் பெயர்த்தால் மட்டும் தமிழாகிவிடாது. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என மூன்று என்பான் முதல் வகுப்புச் சிறுவன். கணினியின் ஒருங்குறியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாக வைத்துள்ளது. நிரல் எழுதுவோர் இதனைக் கருதாவிடின், எழுத்துக் கூட்டும் விளையாட்டில் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் அனாதையாய் விழும்; மெய்யெழுத்துத் தன் புள்ளியை இழந்து நிற்கும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்தின் அமைப்பைப் பிரெஞ்சுப் பொறியாளரா அறிவார்? நாமன்றோ சொல்ல வேண்டும்! நிரல் திறந்திருப்பதால் சொல்லவும் முடியும், செய்யவும் முடியும்.

"ஆங்கிலம் வேண்டாவோ?" என்பார் சிலர். கற்கட்டும், எம்மொழியும் கற்கட்டும். முதல் அறிவு எம்மொழியில் புகவேண்டும் என்பதே வினா. தாய் சொன்ன சொல்லும் கருவி சொல்லும் சொல்லும் ஒன்றாயின், குழந்தை பொருளை உடனே பற்றிக்கொள்ளும். தன் மொழியை எண்ணி நாணாது.

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழிவந்தோம் எனப் பெருமை பேசுகிறோம். மேடையில் முழங்குகிறோம், மறுநாள் நம் பிள்ளைக்கே அயன்மொழிப் பலகையை வாங்கிக் கொடுக்கிறோம். இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே, நான்கு பணிகளைக் கேட்கிறேன். சொல்லாய்வு அறிந்தோர், குழந்தைக்கு விளங்கும் எளிய தமிழ்ச் சொற்களை ஆக்கித் தாருங்கள். ழகரமும் ளகரமும் பிழையின்றி ஒலிக்கும் தாய்மார்களே, உங்கள் குரலைப் பதிவு செய்து தாருங்கள். நிரல் கற்ற இளைஞர்களே, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எழுத்து உடையும் இடங்களைக் கண்டு திருத்துங்கள். ஆசிரியர்களே, அதை வகுப்பில் இயக்கிப் பார்த்துக் குறை கூறுங்கள்.

மறுமுறை அவ்வில்லம் செல்லும்போது, யானையைத் தொட்டதும் அப்பலகை "யானை" எனக் கூவ வேண்டும். அதைக் கேட்டு அக்குழந்தை என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதற்கான உரிமை நம் கையில் உள்ளது. உழைப்பு ஒன்றே குறை.